ஒன்பது நாள் ஜனாதிபதி

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது நான் ஒன்பது நாள் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தேன். என்னோடு படித்த உங்களில் பலருக்கு இது மறந்திருக்கும். மறக்காதவர்களும் இரண்டொருவர் இருப்பீர்கள். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலியும் பேரப்பிள்ளைகளின் படங்களும்தான் இப்போது நம் பேச்சு. அதற்கு நடுவே இதை எடுப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

அது துலாவர்ஷக் காலம், ஐப்பசி மழை. மத்தியானம் இரண்டு மணியானால் கோட்டைச் சுவருக்கு மேலே வானம் இருண்டுவிடும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் நம் வகுப்பு தமிழ் மீடியத்தின் கடைசி அறை, ஓடு ஒழுகும். ஒழுகும் இடத்தில் ஒரு தகர வாளி வைத்திருப்பார்கள். அதில் சொட்டு விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே நாம் கணக்குப் பாடம் கேட்டிருக்கிறோம். சாலைக் கடைகளிலிருந்து கொப்பரை வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும் காற்றில் வரும். அதோடு முப்பது பேரின் நனைந்த பாவாடை வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்திருந்த வருஷம். நமக்கு அதன் அர்த்தம் தெரியாது. பஸ் நேரத்துக்கு வருகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லும் பலகைகள் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் தொங்கின. ஒழுங்கு, ஒழுங்கு என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் அதன் மேல் காதை வைத்தால்தான் கேட்கும். அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவரை ஒரு நாள் இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அதைப் பற்றி ஆபீஸில் யாரும் பேசவில்லை என்று அம்மாவிடம் அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

நம் சோஷியல் டீச்சரை நினைவிருக்கிறதா? நாகர்கோவில்காரி, ஒல்லியாக இருப்பார். கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி ஒடிந்து, அங்கே நூல் சுற்றியிருப்பார். அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அந்த வருஷம் உலக நாடுகளின் ஆட்சி முறை என்று ஒரு பாடம் வந்தது. அமெரிக்கா அதில் ஒன்றரைப் பக்கம்தான். வேறு யாராவது என்றால் கேள்வி பதிலை எழுதிப்போட்டு முடித்திருப்பார்கள். இவர் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் நீலம், சிவப்பு, பச்சை மையால் மூன்று வட்டம் வரைந்து கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். ஒன்று ஜனாதிபதி, ஒன்று இரண்டு சபைகளும் சேர்ந்த பாராளுமன்றம், ஒன்று நீதிமன்றம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் அம்புக்குறி போட்டிருந்தது.

"இந்த அம்பு எதுக்குன்னு புரிஞ்சா பாடம் முடிஞ்சுது" என்றார். "நாம அந்த நாடாவே ஆகிப் பாப்போம். முதல்ல ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கணும்."

போட்டிக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி முதல் பெஞ்சில் இருந்தவள், ரைட்டர் மகள். அவள் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் என்பதால் நாம் அவளை அப்படித்தான் சொல்வோம். ஐந்து பெஞ்ச், பெஞ்சுக்கு ஆறு பேர். ஒவ்வொரு பெஞ்சும் ஒரு மாநிலம். எந்தப் பெஞ்சில் யாருக்குக் கை அதிகமோ அந்தப் பெஞ்ச் முழுசும் அவளுக்கு. இரண்டு பெஞ்ச் அப்படியே அவளுக்குக் கை தூக்கியது. மீதி மூன்றிலும் எனக்கு நாலு, அவளுக்கு இரண்டு. எண்ணிப் பார்த்தால் அவளுக்குப் பதினெட்டு கை, எனக்குப் பன்னிரண்டு. ஆனால் ஜெயித்தது நான்.

"அது அந்யாயம் டீச்சரே!" என்று அவள் எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"நியாயமா அந்யாயமான்னு அந்த நாட்டிலயே அடிக்கடி சண்டை போடுவாங்க" என்றார் டீச்சர். "ஆனா கணக்கு இதுதான். நீயும் இதைத் தெரிஞ்சுதானே நின்னே?"

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஜனாதிபதியின் வேலைகளை டீச்சர் போர்டில் எழுதினார். படைகளுக்கெல்லாம் தலைவர். வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்பவர். மந்திரிகளையும் நீதிபதிகளையும் நியமிப்பவர், ஆனால் மேல்சபை சம்மதிக்க வேண்டும். சபைகள் அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போடுபவர். பிடிக்காவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். எனக்கிருந்த முதல் வேலை நீதிபதியை நியமிப்பது. சங்கடம் தீரட்டும் என்று ரைட்டர் மகளின் பெயரைச் சொன்னேன். மற்றவர்களை டீச்சர் கீழ்சபை, மேல்சபை என்று பிரித்திருந்தார்; மேல்சபை சம்மதித்தது.

"போட்டது நீ" என்று டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா இனி அவளை எடுக்க உன்னால ஆகாது. அதை ஓர்மை வச்சுக்கோ."

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகப் போனது. மதிய இடைவேளையைப் பத்து நிமிஷம் கூட்டி ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். டீச்சர் தன்னுடைய மைப்பேனாவை அதற்காகக் கொடுப்பார். பச்சைப் பேனா, மூடியில் பல் கடித்த தடம் இருக்கும். அதைப் பிடிக்கும்போது எனக்குள் ஏதோ நிமிரும். மூன்றாவது நாள் இன்னொரு சட்டம் வந்தது. பஸ் பிந்தியதால் தாமதமாக வருகிற பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று. எனக்கு வீடு பக்கம், நான் ஒருநாளும் பிந்தியதில்லை. 'ஒழுங்கு கெடும்' என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்பினேன். சபைகள் மறுபடியும் ஓட்டுப் போட்டன. மூன்றில் இரண்டு பங்கு கை உயர்ந்தது. அப்படியானால் என் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும் என்றார் டீச்சர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நானாகவே ஓர் உத்தரவு எழுதி வாசித்தேன், பிந்தி வருகிறவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும் என்று. நீதிபதி எழுந்தாள். "சட்டத்துக்கு எதிரா உத்தரவு போட முடியாது. இது செல்லாது." வகுப்பே கைதட்டியது. என் காது சூடாகிவிட்டது. அந்த நாட்களில் ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வார்த்தைகள் வாயில் தானாக வந்தன.

"நாட்டில் ஒழுங்கு இல்லை. அதனால் நெருக்கடி நிலை அறிவிக்கிறேன். இனி நீதிமன்றம் கிடையாது. சபை கிடையாது. யாரும் பேசக் கூடாது."

கைதட்டல் நின்றுவிட்டது. வாளியில் சொட்டு விழுவது மட்டும் கேட்டது. டீச்சரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. அவர் வராந்தாவைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கத்தில் இருந்தவளிடம், "கதவைச் சாத்து மக்ளே" என்றார். அவள் எழுந்து கதவில் கை வைத்ததும், "வேண்டாம். திறந்தே கிடக்கட்டும்" என்றார்.

நீதிபதிதான் கேட்டாள். "டீச்சரே, அவளுக்கு அப்படிச் செய்ய அதிகாரம் உண்டா?"

"அந்த நாட்டு ஜனாதிபதிக்கு இல்லை."

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பின்னே நம்ம நாட்டுல?" என்றாள்.

"நம்ம நாடு அடுத்த பாடம்" என்றார் டீச்சர். குரல் மெலிந்திருந்தது. "இப்ப இதை முடிப்போம். ஜனாதிபதி அதிகாரத்தை மீறினா கீழ்சபை குற்றம் சாட்டும். மேல்சபை விசாரிக்கும். ஜனாதிபதியை விசாரிக்கிற அன்னைக்குத் தலைமை நீதிபதிதான் நடுவில இருக்கணும். வெள்ளிக்கிழமை விசாரணை."

அன்று சாயங்காலம் மழையில் நனைந்து வீட்டுக்குப் போனேன். அம்மா தலை துவட்டிவிட்டாள். அப்பா வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த பயமெல்லாம் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நிற்க வேண்டுமே என்பதுதான்.

"அப்பா, என்னை விசாரிக்கப் போறாங்க" என்றேன்.

"யாரு?"

"கிளாஸ்ல. நான் நெருக்கடி நிலை போட்டுட்டேன். அது தப்புன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நோட்டைக் கேட்டார். பழுப்பு அட்டை போட்ட நோட்டு, மழையில் ஓரம் ஊறியிருந்தது. அதில் டீச்சர் சொல்லி நான் எழுதி, சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்ட ஒரு வரி இருந்தது: ஜனாதிபதியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. அப்பா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

"இதை எல்லாரும் எழுதியிருக்காங்களா?"

"எல்லாரும்."

"உங்க கிளாஸ்ல ஒரு ரைட்டர் மக படிக்கா இல்லியா?"

"அவதான் நீதிபதி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, விட்டிருங்க" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "மக்ளே, அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் பேசப்பிடாது. அவ வீட்டுல போய் என்ன சொல்லுவாளோ" என்றார். பாடம் எழுதிய நாலு தாளையும் கிழித்து, வெந்நீர் அடுப்பில் போட்டார். ஈரத் தாள் உடனே பிடிக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து, இருமிக்கொண்டே ஊதினார். அப்பா அடுப்பு ஊதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் நான் எழுந்திருக்கும்போது அப்பா வீட்டில் இல்லை. ஆபீஸில் சீக்கிரம் வரச் சொன்னதாக அம்மா சொன்னாள்.

வியாழக்கிழமை டீச்சர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "வீட்டுல ஏதாவது சொன்னியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"இல்லை டீச்சரே" என்றேன். அவர் என் நோட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிழிந்த தாள்களின் பல் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பெஞ்சுகளை வளைத்துப் போட்டீர்கள். நான் நடுவில் நின்றேன். கீழ்சபைக்காரி ஒருத்தி குற்றத்தை வாசித்து முடிப்பதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலில் வந்து நின்றார். கூடவே கல்வி ஆபீஸிலிருந்து ஒருவர், கக்கத்தில் ஜிப் வைத்த தோல் பை.

"எந்தா இவிடெ நடக்குந்நது?" என்றார் ஆபீஸ்காரர். இங்கே என்ன நடக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார்.

"பாடம் சார்" என்றார் டீச்சர்.

ஆபீஸ்காரர் சுவரிலிருந்த காலண்டர் தாளைக் கிழிக்காமல், நாலு மூலையும் மெதுவாகப் பெயர்த்து எடுத்துச் சுருட்டினார். அந்த நிதானம்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. நோட்டுகளையெல்லாம் அடுக்கச் சொன்னார். பிறகு நடுவில் நின்ற என்னிடம் வந்தார்.

"நீ யாரு?"

என் பெயர் எனக்கு வரவில்லை. "ஜனாதிபதி" என்றேன்.

யாரோ இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார். டீச்சர் போர்டை மேலிருந்து கீழாக, ஓர் எழுத்தும் மிச்சமில்லாமல் துடைத்தார். டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னால் போனார். குடை ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை. நிரந்தரமில்லாத வேலை, நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். ஹிந்தி டீச்சர் வந்து மிச்சப் பாடத்துக்குக் கேள்வி பதில் எழுதிப்போட்டார். நம் நாட்டைப் பற்றிய அடுத்த பாடம் ஒரே நாளில் முடிந்தது.

டீச்சரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நாம் பேசினோம். பேச்சை ஆரம்பித்தவள் நான். போலீஸ்காரர் மகள் இருக்கும்போது வேறு யாரைத் தேட வேண்டும்? அவள் பக்கத்தில் உட்காரக் கூடாது, நெல்லிக்காய் கொடுக்கக் கூடாது, அவள் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்றேன். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். இந்த உத்தரவைச் செல்லாது என்று சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு நாள் அவள் என் முன்னால் வந்து, "ஏட்டி, நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் பார்வை தரைக்குப் போய்விட்டது. குற்றம் உள்ளவள் பார்வை அப்படித்தான் போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வரை முதல் பெஞ்சின் ஓரத்தில் அவள் தனியாக இருந்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகி மூத்தவளுக்கு ஐந்து வயது. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். உடைந்த தேங்காய்ச் சில்லுகளைத் தாண்டிக்கொண்டு எதிரே வந்தவரின் நடை எனக்குத் தெரிந்தது. முடி பாதி நரைத்திருந்தது.

"டீச்சரே" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "ஜனாதிபதி!" என்று சிரித்தார்.

நாகர்கோவிலில் ஒரு டியூட்டோரியலில் பாடம் எடுப்பதாகச் சொன்னார். என் மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு, "அப்பா சுகமா இருக்காரா?" என்றார்.

"உங்களுக்கு அப்பாவைத் தெரியுமா?"

"தெரியாமலா? செவ்வாய்க்கிழமை நீ பிரகடனம் பண்ணினே, புதன்கிழமை காலையில என் வாடகை வீட்டு வாசல்ல வந்து நின்னார். மழை. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்னுட்டார். என் மகளை இதிலருந்து ஒழிவாக்கி விட்டிருங்க, இந்தப் பாடத்தையே நிறுத்திருங்கன்னார். அவ இல்லாம விசாரணை இல்லை, ரெண்டும் முடியாதுன்னேன். அங்கிருந்து நேரா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போயிருக்கார். அந்தம்மா பயந்துபோய், பின்னால யாராவது கேட்டா தான் மாட்டிக்கக் கூடாதுன்னு ஆபீஸுக்கு எழுதிட்டாங்க. அவங்களே ரிட்டயர் ஆனப்புறம் என்கிட்ட சொன்னாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"வெஷமிக்காதே, வருத்தப்படாதே. உங்கப்பாவுக்கு என் மேல கோபமில்லை, பயம். எனக்கும் அன்னைக்குப் பயம்தான். ஆனா விசாரணை நாடகத்தை அந்த வாரம் வச்சிருக்க வேண்டாம். முப்பது பிள்ளைகளை வச்சு என் தைரியத்தை நான் பரீட்சை பண்ணியிருக்கக் கூடாது." பிறகு, "உங்க கிளாஸ்ல ஒரே ஒரு பிள்ளை என்னை வீட்டுல வந்து பார்த்தா. அந்த நீதிபதி. வாசல்ல நின்னு அழுதா, ஏன்னு கேட்டாச் சொல்லலை. குடையைக் கொடுத்துட்டுப் போயிட்டா" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், டீச்சரைப் பார்த்ததாகச் சொன்னேன். எந்த டீச்சர் என்று அவர் கேட்கவில்லை. பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னும் சின்னதாக மடித்தார்.

"உன்னை மட்டும்தான் எடுக்கச் சொன்னேன் மக்ளே" என்றார். "வேற யாரையும் ஒண்ணும் செய்யச் சொல்லலை."

அப்பா உயிரோடு இருந்தவரை நாங்கள் அதைப் பேசவில்லை. அவர் போன பிறகும் நான் யாரிடமும் பேசவில்லை. ரைட்டர் மகளைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் அப்பாவுக்காகச் சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

போன மாதம் நீங்கள் போனில் குரூப் ஆரம்பித்தபோது அவள் எண்ணும் அதில் வந்தது. நாலு நாள் அந்த எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் சந்தோஷமாகத்தான் பேசினாள். பேரன் பெயர் சொன்னாள். நான் இடையில் புகுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டீச்சர் வேலை போனது எங்கள் வீட்டிலிருந்து, உன் வீட்டிலிருந்து இல்லை என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப எங்கப்பா இல்லையா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நானும் அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுல சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கிட்டிருந்தார். டீச்சர் பேரு என்னன்னு ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அப்படி நடந்ததும் எங்கப்பாதான்னு நான் உறப்பிச்சு, முழுசா நம்பிட்டேன். நீங்கள்லாம் என்கூட பேசாம இருந்தப்போ, எனக்கு வேண்டியதுதான்னு இருந்தேன். அப்பாகூட நான் அதுக்கப்புறம் சரியா பேசினதே இல்லை. என்ன கோபம்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

அவள் அழவில்லை. பிறகு கேட்டாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. திட்டவும் இல்லை. "என்கிட்ட தனியா சொன்னாப் போராது" என்றாள். "எல்லாரும் கூடற அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லு. எங்கப்பா பேரைச் சொல்லிச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாம் கூடுகிறோம். அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் எழுந்து நிற்பேன். குரல் வராமல் போனால் உங்களில் யாராவது இந்தத் தாளை வாங்கி, முதலிலிருந்து வாசித்துவிடுங்கள். அவள் அப்பாவின் பெயரை நான் இதில் எழுதவில்லை. அதை மட்டும் நானே சொல்ல வேண்டும்.